டிஎஸ்எச் சரி, உடம்பு சரியில்லை: டி4 - டி3 கூட்டு மருந்து தொடங்கிய ஒரு நிகழ்வு ஆய்வு

42 வயதுப் பெண். பேர்ணாம்பட்டு வட்டத்தில் ஒரு கிராமம். ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர். ஹாஷிமோட்டோ வகை அழற்சியால் தைராய்டு சுரப்பு குறைந்து, ஏழு ஆண்டுகளாக லெவோதைராக்ஸின் (தைராய்டு ஹார்மோனான டி4இன் மாத்திரை வடிவம், இனி டி4) எடுத்து வருகிறார். வேலூருக்கு வந்ததே ஒரு கோரிக்கையோடுதான்: போனில் பார்த்த வீடியோவில் சொன்ன டி3 மாத்திரையை (லியோதைரோனின்; டி4 உடம்புக்குள் மாறி உருவாகும், அதைவிட வீரியமான ஹார்மோன்) எழுதித் தர வேண்டும்.

இங்கே சொல்லப்படுபவர் தனி ஒருவர் அல்லர். இந்தச் சிகிச்சை கேட்டு வருவோரிடம் திரும்பத் திரும்பத் தென்படும் சங்கதிகளை ஒரே ஆளாகக் கோத்திருக்கிறோம். அளவுகளும் அப்படிப்பட்டவர்களிடம் வழக்கமாகக் காண்பவற்றை ஒட்டி அமைத்தவை.

அவர் சொன்ன தொந்தரவுகள் ஐந்து. அசதி, கவனம் நிற்காமை, மலச்சிக்கல், முடி கொட்டுதல், கம்பெனி ஏசியில் மற்றவர்களைவிட அதிகமாகக் குளிர்தல். இவற்றில் கவனக் குறைவுதான் பிழைப்பைத் தொட்டது. ஒரு லாட்டில் எத்தனை ஜோடி போயிற்று என்பதை இரண்டு முறை எண்ணினால் இரண்டு கணக்கு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை அவரையே மதிப்பெண் போடச் சொன்னதில் அசதி 8, கவனக் குறைவு 7, மலச்சிக்கல் 6, முடி 7, குளிர் 5 என்று வந்தது. இந்த ஐந்து எண்களைத் தேதியோடு கோப்பில் எழுதி வைத்தது பின்னால் எல்லாவற்றுக்கும் அடிப்படையாயிற்று. எண் எழுதாமல் தொடங்கும் டி3 சிகிச்சையில், மூன்று மாதம் கழித்து "கொஞ்சம் பரவாயில்ல" என்ற பதில்தான் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது.

முதல் வருகையின் பரிசோதனை:

எடை 63 கிலோ, நாடி 64, ரத்த அழுத்தம் 124/82.
டிஎஸ்எச் 5.8 (இயல்பு 0.4 முதல் 4.2 வரை). தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் இது; உடம்பில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ஏறும், மிஞ்சினால் இறங்கும்.
எஃப்டி4 (ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் டி4) 1.0 நானோகிராம்/டெசிலிட்டர் (0.9 முதல் 1.7 வரை).
எஃப்டி3 (அதேபோல டி3) 2.2 பிகோகிராம்/மி.லி. (2.0 முதல் 4.4 வரை).
ஹீமோகுளோபின் 9.6, ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் எண்) 7, பி12 168.

மருந்துச் சீட்டில் டி4 அளவு 100 மைக்ரோகிராம். கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்ற கணக்கில் 63 கிலோவுக்கு இது கச்சிதமான அளவு. அப்படியிருந்தும் டிஎஸ்எச் 5.8 என்றால் மாத்திரை வயிற்றுக்குள் போகவில்லை, அல்லது போனது ரத்தத்தில் சேரவில்லை. டி3 பற்றிப் பேச இது நேரமே அல்ல.

மாத்திரை எங்கே காணாமல் போயிற்று

"ஒரு நாள்கூட வுடல மேடம், தெனமும் போட்டுக்கினுதான் இருக்கேன்" என்றார். பொய் இல்லை. எப்படிப் போடுகிறார் என்று மணி வாரியாகக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. காலை 5:30க்கு எழுந்ததும் டி4, கேஸ் மாத்திரையான பான்டோபிரசோல், இரும்புச் சத்து மாத்திரை, இந்த மூன்றையும் ஒரே வாயில். மூன்றையும் "வெறும் வயித்துல" என்றுதான் சொல்லியிருந்தார்கள். பத்து நிமிடத்தில் டீ. 6:15க்கு கம்பெனி வேன்.

இரும்பு டி4ஐக் குடலிலேயே பிடித்துக் கட்டிவிடும். கால்சியமும் அப்படியே. பான்டோபிரசோல் வயிற்று அமிலத்தைக் குறைப்பதால் மாத்திரை கரைவது குறையும். டீ, காபி வேறு உறிஞ்சுதலைத் தடுக்கும்.

இதற்குள்ளே ஒரு சுழல் இருக்கிறது. நம் ஊர்ப் பெண்களிடம் இதை அடிக்கடி பார்க்கலாம். தைராய்டு சுரப்பு குறைந்தால் மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமாகும். அதனால் இரும்பு வற்றும். ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை எழுதுவார்கள். அதை டி4 உடன் சேர்த்தே விழுங்குவார்கள். டி4 உறிஞ்சப்படாமல் டிஎஸ்எச் ஏறும், ரத்தப்போக்கு இன்னும் கூடும். அசதிக்கு இரண்டு காரணங்கள் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன. நோயாளிக்குத் தெரிவது அசதி மட்டும். தைராய்டு என்ற பெயர் ஏற்கனவே ஒட்டியிருப்பதால் பழியும் அதன் மேல் விழுகிறது. ஃபெரிட்டின் 7இல் இருக்கும் ஒருவருக்கு டி3 கொடுத்தால் அசதி போகாது. படபடப்பு மட்டும் கூடும்.

கோப்பைப் பின்னால் புரட்டியதில் இன்னொன்று. இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு முடிவில் டிஎஸ்எச் 0.08, எஃப்டி4 இயல்புக்கு மேலே. மருந்து அதிகமாகிவிட்டது என்று அளவை 100இலிருந்து 50 ஆக்கியிருக்கிறார்கள். மூன்று மாதத்தில் டிஎஸ்எச் 14. ஆனால் அளவைக் குறைத்த நாளின் சீட்டிலேயே நாடி 62 என்றும் மலச்சிக்கல் என்றும் எழுதியிருக்கிறது. தைராய்டு ஹார்மோன் உண்மையில் மிஞ்சியவருக்கு நாடி 62இல் நிற்பது அரிது. அந்தச் சமயம் முடி கொட்டுவதற்காக 10 மி.கி. பயோட்டின் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். பல லேப் கருவிகள் ஹார்மோனை அளக்கப் பயோட்டினுக்கும் அதைப் பற்றிக்கொள்ளும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்துக்கும் உள்ள பிணைப்பைப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிதந்தால் டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்தும், எஃப்டி4, எஃப்டி3 பொய்யாகக் கூடியும் காட்டும். பார்த்தால் அசல் மிகை சுரப்பு போலவே இருக்கும். பயோட்டினைக் குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டுத்தான் ரத்தம் கொடுக்க வேண்டும். "முடிக்கு ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று தனியாகக் கேட்டால்தான் சொல்வார்கள். அதை மருந்து என்ற கணக்கிலேயே அவர்கள் வைத்திருப்பதில்லை.

மாத்திரை பாட்டில் இருந்த இடம் கேஸ் அடுப்புக்கு மேல் அலமாரி. வீடு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டது. கத்திரி வெயிலில் வேலூர்ப் பக்கம் வெளியிலேயே 40 டிகிரியைத் தாண்டும்போது, அந்த அலமாரியில் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. டி4 சூடு, ஈரம், வெளிச்சம் மூன்றுக்கும் ஆகாத மருந்து. காலாவதித் தேதிக்கு முன்பே வீரியம் குறையும். வந்த பாட்டிலிலேயே, உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு, படுக்கையறை பீரோவின் கீழ்த்தட்டில் வைக்கச் சொன்னோம். ஒரு மாத மாத்திரையைப் பிளாஸ்டிக் டப்பாவில் பிரித்துப் போட்டு வைக்கும் பழக்கமும் வேண்டாம்.

ஆறு மாதம் நடந்தது இவ்வளவுதான். டி4 அளவு அதே 100. தண்ணீர் பிடிக்க 4:45க்கு எழும்போது வெறும் தண்ணீரில் அது மட்டும். டீ 5:45க்கு. இரும்பு மாத்திரை நாள் விட்டு நாள், மாலை வேலை முடிந்த பின். பான்டோபிரசோலுக்குத் தேவையே இல்லை என்று தெரிந்ததால் நிறுத்தியாயிற்று. பி12 ஊசி. பயோட்டின் கிடையாது. ரம்ஜான் நோன்பு வைக்கும் சக தொழிலாளிகளுக்கும் இதே விதிதான்: சஹர் உணவுக்கு அரை மணிக்கு முன்போ, இரவு கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போதோ போட்டுக்கொள்ளலாம். எந்த நேரம் என்பதைவிட வயிறு காலியாக இருப்பதும், தினமும் ஒரே மாதிரி இருப்பதும் முக்கியம்.

ஆறாம் மாதம் டிஎஸ்எச் 1.9. எட்டு வாரம் கழித்து மறுபடி பார்த்தபோது 1.8. எஃப்டி4 1.4, எஃப்டி3 2.4. ஹீமோகுளோபின் 12.3, ஃபெரிட்டின் 41. மாதவிடாய் சீராயிற்று. மதிப்பெண்: மலச்சிக்கல் 2, குளிர் 3, முடி 5, அசதி 5. கவனக் குறைவு மட்டும் 7இலிருந்து 6க்குத்தான் இறங்கியிருந்தது.

டி3 கேட்டு வருவோரில் பலருக்கு இந்த இடத்திலேயே கதை முடிந்துவிடும். இவருக்கு முடியவில்லை.

மிச்சம் இருக்கும் அசதிக்கு வேறு காரணம் உண்டா

அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோனான கார்டிசாலைக் காலை 8 மணிக்குப் பார்த்தோம், இயல்பு. இதை விடக் கூடாது. ஹாஷிமோட்டோ உள்ளவர்களில் சிலருக்கு அட்ரீனல் சுரப்பியும் அதே தன்னெதிர்ப்பால் பழுதாகியிருக்கும். அது தெரியாமல் தைராய்டு ஹார்மோனைக் கூட்டினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். மூன்று மாத சராசரிச் சர்க்கரை 5.8. குறட்டை, தூக்கத்தில் மூச்சுத் திணறல் இல்லை என்று கணவரும் சொன்னார். மனச்சோர்வு வினாத்தாளில் லேசான அளவுதான். கோதுமைப் புரதம் ஒவ்வாத சீலியாக் நோயை நாங்கள் தேடவில்லை. வட மாநிலங்களோடு ஒப்பிட்டால் தெற்கே அது அரிது. இரும்பு மாத்திரைக்கு ரத்தசோகை மசியாமல் நின்றிருந்தால் தேடியிருப்போம். ரிவர்ஸ் டி3 (டி4இலிருந்து உருவாகும் செயலற்ற வடிவம்) பரிசோதனைக்குக் கொடுக்கும் காசு வீண். அந்த எண்ணை வைத்து மருந்தில் எதையும் மாற்ற முடியாது. டி4ஐ டி3 ஆக மாற்றும் நொதியின் மரபணு வகையைப் பார்க்கும் பரிசோதனையும் இப்போதைக்கு அப்படித்தான்.

டி3 ஏன் என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில்: ஆரோக்கியமான தைராய்டு, டி4 சுமார் 14 பங்குக்கு டி3 1 பங்கு என்ற விகிதத்தில் சுரக்கிறது. உடம்புக்கு வேண்டிய டி3இல் ஏறக்குறைய 80 சதவீதம், கல்லீரல், தசை, மூளை போன்ற இடங்களில் டி4இலிருந்து உருவாகிறது. மீதிதான் சுரப்பியிலிருந்து நேராக வருவது. டி4 மட்டும் சாப்பிடுபவருக்கு அந்த நேர்ப் பங்கு கிடையாது. அதனால் டிஎஸ்எச் சரியாக இருந்தாலும் எஃப்டி4 இயல்பின் மேல்பாதியிலும் எஃப்டி3 கீழ்ப்பாதியிலும் நிற்பது சகஜம். இவருடைய எண்களும் அப்படித்தான்.

இந்தச் சிறு குறைதான் தொந்தரவுக்குக் காரணமா என்பதில்தான் பிரச்சினை. 1999இல் வந்த ஆய்வில், 33 பேருக்கு டி4இல் 50 மைக்ரோகிராமுக்குப் பதில் 12.5 மைக்ரோகிராம் டி3 கொடுத்தபோது மனநிலையும் சிந்தனையும் மேம்பட்டன. அதற்குப் பின் நடந்த பெரும்பாலான ஆய்வுகளில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. இங்கிலாந்தில் 697 பேரை வைத்து நடத்தி 2005இல் வெளிவந்த ஆய்வில், டி3 வாங்கிய பிரிவும் தேறியது, வாங்காத பிரிவும் தேறியது. புது மாத்திரை என்ற நம்பிக்கைக்கே அவ்வளவு பலன். அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2014 வழிகாட்டுதல் கூட்டு மருந்தை வழக்கமாகக் கொடுக்கப் பரிந்துரைக்கவில்லை. ஐரோப்பியத் தைராய்டு சங்கம் 2012இல் ஒரு வாசலை மட்டும் திறந்து வைத்தது: டி4 சரியாக எடுத்து, டிஎஸ்எச் சரியான பின்னும், வேறு காரணம் எதுவும் அகப்படாத நிலையில், தொந்தரவு நிற்பவருக்குச் சோதனையாகத் தொடங்கலாம், மூன்று மாதத்தில் பலன் இல்லையென்றால் நிறுத்த வேண்டும்.

இதையெல்லாம் அவரிடம் தமிழில் சொல்லிவிட்டோம், அந்த 697 பேர் சங்கதி உட்பட. அதைச் சொன்னால் நம்பிக்கை போய்விடும் என்று மறைப்பவர்கள் உண்டு. மறைத்தால் பின்னால் நிறுத்துவது கஷ்டம்.

யாருக்குத் தொடங்கக் கூடாது என்பதில் பேரத்துக்கு இடமில்லை. கர்ப்பிணிகளுக்கும் கர்ப்பம் எதிர்பார்ப்பவர்களுக்கும் கூடாது. கருவின் மூளைக்குத் தாயின் டி4தான் போய்ச் சேர்கிறது. டி3 அந்த வேலையைச் செய்யாது, கூட்டு மருந்தில் டி4 குறையவும் செய்யும். இவருக்கு இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு அறுவை ஆகியிருந்தது. இதயத் துடிப்புக் கோளாறு, இதயத் தமனி அடைப்பு உள்ளவர்களுக்குக் கூடாது. ஈசிஜி எடுத்தோம், நாடி 72, சீரான தாளம். எடை குறைய வேண்டும் என்பதற்காகக் கேட்பவர்களுக்கும், ஒரே ஒரு முறை டிஎஸ்எச் 6 வந்ததை வைத்து "தைராய்டு" ஆனவர்களுக்கும் கொடுப்பதில்லை.

அளவு

ஐரோப்பிய வழிகாட்டுதலின் கணக்கு எளிது. இப்போதைய டி4 அளவை 20ஆல் வகுத்தால் டி3 அளவு. அந்த டி3 அளவை 3ஆல் பெருக்கிப் பழைய டி4இலிருந்து கழித்தால் புது டி4. பெருக்குவது 3ஆல் ஏன் என்றால், 1 மைக்ரோகிராம் டி3 சுமார் 3 மைக்ரோகிராம் டி4 செய்யும் வேலையைச் செய்யும்.

100ஐ 20ஆல் வகுத்தால் 5. 100இலிருந்து 15 போனால் 85. கடையில் கிடைக்கும் நெருங்கிய மாத்திரை 88. ஆக டி4 88, டி3 5. விகிதம் ஏறக்குறைய 17.6க்கு 1, வழிகாட்டுதல் சொல்லும் 13 முதல் 20 வரை என்ற எல்லைக்குள். 88 கிடைக்காத ஊரில் வாரத்தில் ஐந்து நாள் 100, இரண்டு நாள் 50 என்று போட்டால் சராசரி 85.7. டி4 பாதியாகக் குறைய ஏழு நாள் ஆவதால் வாரக் கூட்டுத்தொகை சரியாக இருந்தால் போதும்.

டி3 அப்படியல்ல. ஒரு நாளிலேயே பாதியாகிவிடும். விழுங்கிய இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்துக்குப் போகும். அதனால்தான் முடிந்தால் காலையிலும் படுக்கும்போதும் என்று இரண்டாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். இவருக்குக் கிடைத்தது 20 மைக்ரோகிராம் மாத்திரை. 5க்கு அதைக் கால் ஆக்க வேண்டும். இரண்டு வேளைக்கு அரைக்கால். அரைக்கால் வெட்டினால் கையில் மிஞ்சுவது பொடிதான். எனவே ஒரே வேளை, காலையில் டி4 உடன்.

கால் வெட்டுவதிலும் ஒரு முறை வேண்டும். கத்தியோ பிளேடோ வேண்டாம், மருந்துக் கடையில் விற்கும் மாத்திரை வெட்டி. எவ்வளவு கவனமாக வெட்டினாலும் ஒரு துண்டு 4 இருக்கும், இன்னொன்று 6 இருக்கும். ஒரு மாத்திரையின் நான்கு துண்டும் தீர்ந்த பிறகே அடுத்ததை வெட்ட வேண்டும். அப்போது எந்த நான்கு நாளை எடுத்தாலும் மொத்தம் 20க்கு அதிகம் விலகாது. ஒரு மாதத்துக்கானதை மொத்தமாக வெட்டி டப்பாவில் கொட்டி வைத்தால் பெரிய துண்டுகள் அடுத்தடுத்த நாளில் வந்து விழும். தண்ணீரில் கரைத்து அளந்து குடிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். டி3 தண்ணீரில் சரியாகக் கரையாது. அடியில் தங்கும், முதல் மடக்கு வெறும் தண்ணீர், கடைசி மடக்கு மருந்து.

லியோதைரோனின் எல்லா மருந்துக் கடையிலும் இருக்காது. பேர்ணாம்பட்டில் கேட்டால் டி4ஐயே எடுத்து நீட்டுவார்கள். வேலூரில் பெரிய கடையில் சொல்லி வைத்து வரவழைப்பது நல்லது. பழைய பாட்டிலில் பத்து நாள் மருந்து இருக்கும்போதே அடுத்ததற்குச் சொல்லிவிட வேண்டும்.

தொடங்குமுன் ஒப்பந்தம் ஒன்று எழுதிக்கொண்டோம். சரியான அளவில் மூன்று மாதம். அசதி, கவனக் குறைவு இரண்டில் ஒன்றாவது 2 புள்ளி குறைய வேண்டும். குறையாவிட்டால் நிறுத்தம். டிஎஸ்எச் 0.4க்குக் கீழே போனால், எவ்வளவு நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் அளவு குறைப்பு. அவரும் அதில் கையெழுத்துப் போட்டார். சட்டத்துக்காக இல்லை, இருவரும் மறக்காமல் இருக்க.

மூன்றாம் வாரம்

படபடப்பு என்று போன் வந்தது. காலை 8 மணிக்கு, லைனில் நிற்கும்போது. இரவு தூக்கம் இல்லை. கை லேசாக நடுங்குகிறது.

இந்த இடத்தில் இரண்டு தவறான முடிவுகள் எடுக்கப்படுவதுண்டு. "டி3 உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று அன்றே நிறுத்துவது ஒன்று. "போகப்போகச் சரியாகிவிடும்" என்று விடுவது மற்றொன்று. அதற்கு முன்னால் செய்ய வேண்டியது, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை பாட்டில்களையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்வது.

மூன்று பாட்டில் வந்தது. 88 பாட்டில் சீல் பிரிக்கப்படவே இல்லை. பழைய 100 பாட்டிலில் மருந்து பாதிக்கு மேல் காலி. "நாப்பது மாத்திரை மிச்சம் கெடக்குதே மேடம், அத தீத்துட்டு புதுச தொறக்கலாம்னு இருந்தேன்."

ஆக அவர் எடுத்தது 100 டி4, அதன் மேல் 5 டி3. டி4 கணக்கில் 115க்குச் சமம். போதாக்குறைக்கு 4:45க்கு விழுங்கிய டி3 உச்சத்துக்குப் போகும் நேரத்தில் கம்பெனி கேன்டீன் காபி. நாடி 96. டிஎஸ்எச் 0.31 இருந்தது, மாற்றம் செய்து ஆறு வாரம் ஆகாததால் அந்த எண் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கக்கூடும். ஈசிஜியில் தாளம் சீர்.

கூட்டு மருந்து தொடங்கும்போது நேரும் தவறுகளில் மிகச் சாதாரணமானது இதுதான். ஆனால் மருந்துச் சீட்டில் அது தெரியாது. சீட்டில் புது மாத்திரையை மட்டும் எழுதுகிறோம். பழையதை நிறுத்த வேண்டும் என்பதை வாயால் சொல்கிறோம். மாத்திரையை வீணாக்காத வீட்டில் வாய்ச்சொல் நிற்காது. இப்போது சீட்டின் முதல் வரியே "100 பாட்டில்: நிறுத்தவும்" என்று தமிழில் வருகிறது. மிச்சத்தைத் தூக்கிப் போடச் சொல்வதில்லை. மேலே சொன்ன 100, 50 கணக்கில் வாரத் திட்டமாகத் தீர்க்கலாம். இவர் விஷயத்தில் குழப்பம் வேண்டாம் என்று அந்தப் பாட்டிலை உறை போட்டு, "டி3 கிடைக்காதபோது மட்டும்" என்று மேலே எழுதிக் கொடுத்தோம். அதற்கு வேலை பின்னால் வந்தது.

டி3ஐ மூன்று நாள் நிறுத்தி, 88 டி4 மட்டும். படபடப்பு இரண்டாம் நாளே அடங்கியது. நான்காம் நாள் 88 உடன் 5 மீண்டும். காலைக் காபி டீயாக மாறியது, அதுவும் ஒன்றுதான். மூன்று மாதக் கணக்கு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கியது. தப்பான அளவில் ஓடிய மூன்று வாரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

எண்களைப் படிப்பது

சரியான அளவு தொடங்கி ஆறாம் வாரம்: டிஎஸ்எச் 1.6, எஃப்டி4 1.1, எஃப்டி3 2.8. நாடி 74.

எஃப்டி4 1.4இலிருந்து 1.1க்கு இறங்கியதைப் பார்த்துப் பதறக் கூடாது. டி4 குறைத்தோம், அதனால் குறைந்தது. கூட்டு மருந்தில் இருப்பது தெரியாத வேறொருவர் இந்த முடிவைப் பார்த்தால் டி4ஐ 100க்கு ஏற்றிவிடுவார். அதனால் லேப் சீட்டின் மேலேயே "டி4 - டி3 கூட்டு" என்று எழுதச் சொல்லியிருக்கிறோம். ரத்தம் எடுப்பது எப்போதும் காலை மாத்திரைக்கு முன்னால். அதாவது முந்தைய டி3 துண்டு போட்டு 24 மணி நேரம் கழித்து. விழுங்கி மூன்று மணி நேரத்தில் எடுத்தால் எஃப்டி3 உச்சத்தில் காட்டும், அதை நம்பி அளவைக் குறைப்பார்கள். ஒரு முறை முன்னால், ஒரு முறை பின்னால் என்று எடுத்தால் இரண்டு எண்ணையும் ஒப்பிடவே முடியாது. வழிகாட்டியாகக் கொள்ள வேண்டியது டிஎஸ்எச்தான்.

மூன்றாம் மாதம்: கவனக் குறைவு 6இலிருந்து 3. அசதி 5இலிருந்து 3. முடி 5, அப்படியே. எடை 62.4, பேசும்படி எதுவும் இல்லை. லாட் கணக்கு ஒரே எண்ணில் சரியாக வருகிறது என்றார். ஒப்பந்தப்படி தொடரலாம்.

இது டி3 செய்ததா? ஃபெரிட்டின் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியாகப் பார்த்தபோது 58. புது மருந்தின் நம்பிக்கை ஒரு பங்கு. வாரா வாரம் யாரோ அக்கறையாகக் கேட்பதும் ஒரு பங்கு. ஒரே ஆளிடம் இவற்றைப் பிரித்தெடுக்க வழியில்லை. அதனால் "பலித்தது" என்று கோப்பில் எழுதவில்லை. "இலக்கை எட்டியது, தொடர்கிறது" என்று எழுதினோம்.

ஐந்தாம் மாதம் டி3 கையிருப்பு தீர்ந்து, கடையில் மூன்று வாரம் வரவில்லை. உறையில் இருந்த 100 பாட்டில் வெளியே வந்தது. டி3 நின்ற மறுநாளே டி4 88இலிருந்து 100. படிப்படியாக ஏற்ற வேண்டியதில்லை. மூன்றாம் வார மதிப்பெண்: கவனக் குறைவு 5, அசதி 3. டி3 வந்து மீண்டும் 88 உடன் 5 தொடங்கிய ஒரு மாதத்தில் கவனக் குறைவு 3. பார்க்க ஆதாரம் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் மருந்து நின்றது அவருக்குத் தெரியும், வந்ததும் தெரியும். கண்ணை மூடிக் கொடுத்த சோதனை இல்லை இது. அசதி நகராமல் கவனம் மட்டும் நகர்ந்ததை மட்டும் குறித்து வைத்திருக்கிறோம்.

இப்போதைய ஏற்பாடு: ஆறு மாதத்துக்கு ஒரு முறை டிஎஸ்எச், ஆண்டுக்கு ஒரு ஈசிஜி. மாதவிடாய் நின்ற பின் எலும்பு அடர்த்தி ஸ்கேன், டிஎஸ்எச் 0.4க்கு மேலேயே இருக்க வேண்டும் என்பதில் இன்னும் கறார். 12ஆம் மாதம், இரண்டு பாட்டில்களும் கையில் இருக்கும்போதே, திட்டமிட்டு எட்டு வாரம் 100 டி4 மட்டும் கொடுத்துப் பார்ப்பது. மதிப்பெண் ஏறாவிட்டால் டி3க்கு அத்தோடு விடை. இதய நோயோ, துடிப்புக் கோளாறோ, 60 வயதோ நெருங்கினால் அதற்கு முன்பே நிறுத்தம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினாலோ, வலிப்புக்குக் கார்பமசெபின் தொடங்கினாலோ டி4 தேவை கூடும் என்பதால் ஆறு வாரத்தில் டிஎஸ்எச். வார்ஃபரின் எடுப்பவராக இருந்தால் ரத்தம் உறையும் நேரத்தை முன்கூட்டியே பார்க்க வேண்டும். இவருக்கு அது பொருந்தாது. கம்பெனி மருத்துவ அட்டையில் "லெவோதைராக்ஸின் 88, லியோதைரோனின் 5, லியோதைரோனின் இல்லாவிட்டால் லெவோதைராக்ஸின் 100" என்ற வரி இருக்கிறது.